புல்லெண்ணெய் வடிக்க மலிவான எவர்சில்வர் பொயிலர் தேடுபவருக்கு

கோண்டாவில் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வேலியோரம் முழுக்க எலுமிச்சைப் புல் செழித்து நிற்கிறதாம். மனைவி வீட்டில் சவர்க்காரம் செய்து விற்கிறார். வாசனை எண்ணெய்க்குக் கொடுக்கிற காசை, சொந்தமாக வடித்து மிச்சம் பிடிக்கலாமோ என்று யோசனை. "50 லீற்றர் அளவில் ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் பொயிலர் ஒன்று மலிவாக எங்கே எடுக்கலாம்? கொழும்பில் விலை கேட்டேன், தலை சுற்றிவிட்டது" என்று முடித்திருக்கிறார்.

தலை சுற்றத்தான் செய்யும். பொயிலர் என்று கேட்டால் பொயிலர் விலைதான் சொல்வார்கள். உங்களுக்கு வேண்டியது நல்ல மூடியுள்ள ஒரு பெரிய புட்டுப் பானை. பகிடிக்குச் சொல்லவில்லை. அடியில் தண்ணி, அதற்கு மேலே ஓட்டைத் தட்டு, தட்டில் புல், மேலே மூடி, மூடியிலிருந்து ஒரு குழாய். நீத்துப்பெட்டியில் மாவை வைத்து அவிக்கிறதும் இதே வேலைதான். அங்கே ஆவியை வெளியே போக விடுகிறோம், இங்கே பிடித்துக் குளிர வைக்கிறோம். எலுமிச்சைப் புல்லின் வாசனைக்குக் காரணமான சித்திரால் தனியாக இருந்தால் 229 பாகை சென்ரிகிரேட் அளவில்தான் கொதிக்கும். ஆனால் தண்ணியோடு கலக்காத எண்ணெய் நீராவியோடு சேரும்போது இரண்டின் ஆவி அமுக்கமும் கூட்டப்படுவதால், 100 பாகைக்குச் சற்றுக் கீழேயே இரண்டும் சேர்ந்து வந்துவிடும். உயர்தரத்தில் இரசாயனவியல் படித்தவர்களுக்குக் கொதிநீராவிக் காய்ச்சிவடிப்பு ஞாபகம் இருக்கும். ஆகவே அமுக்கம் தாங்குகிற கலம் தேவையே இல்லை. அதற்காகக் காசு கொடுக்கவும் வேண்டாம்.

பானைக்குப் போகமுதல் ஒரு விசயம். நான் முதன்முதலில் மூடியில் ஓட்டை போட ஒட்டு வேலை செய்கிறவரிடம் கொண்டுபோனபோது, அவர் மூடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பட்டறைக்கு வெளியே எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கசிப்புக்கோ அண்ணை?" என்றார். கையில் கொண்டுபோன புல்லுக் கட்டைக் காட்டின பிறகுதான் சிரித்தார். சிரிப்புக்குரிய விசயமில்லை. மதுவரிக் கட்டளைச் சட்டம் 1912ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. அனுமதி இல்லாமல் மதுசாரம் வடிப்பதும் குற்றம், அதற்கென்று கருவி வைத்திருப்பதும் குற்றம். பனஞ்சாராயம் வடிப்பது அனுமதி பெற்ற வடிசாலைகளின் பாடு, வீட்டுக் கோடிக்குள் அந்த வேலை வேண்டாம். கீழே நான் எழுதுவது முழுக்கப் புல், இலை, வேர் வடிப்பதற்கு. குழாயும் பீப்பாயும் வைத்துப் புகை எழும்பினால் அயலுக்குச் சந்தேகம் வரும். ஆகவே விதானையாரிடம் முதலே ஒரு சொல் சொல்லி வைப்பது நல்லது. நான் முதல் போத்தல் புல்லெண்ணெயை அவருக்கே கொடுத்தேன்.

சரி, அளவு. 50 லீற்றர் வேண்டாம். 36 சென்ரிமீற்றர் விட்டமும் 36 சென்ரிமீற்றர் உயரமும் உள்ள பானை ஏறத்தாழ 36 லீற்றர் பிடிக்கும். அதில் அடியில் 10 லீற்றர் தண்ணி விட்டால் 10 சென்ரிமீற்றர் உயரம் வரும். கொதிக்கும்போது துள்ளுகிற தண்ணி புல்லைத் தொடக்கூடாது. அதற்காக இன்னும் மூன்று சென்ரிமீற்றர் விட்டுத் தட்டை வையுங்கள். அதற்கு மேலே 20 சென்ரிமீற்றர் புல் அடுக்கலாம், மிச்சம் மூடிக்குக் கீழே வெறும் இடம். நறுக்கின புல்லைத் தளர்வாக அடைத்தால் லீற்றருக்குக் கால் கிலோ போகும். ஆகக் கூட 5 கிலோ.

இனித்தான் கசப்பான கணக்கு. பச்சைப் புல்லின் நிறையில் எண்ணெய் 0.2 முதல் 0.5 சதவீதம் வரைதான் கிடைக்கும். 5 கிலோவுக்கு 10 முதல் 25 மில்லிலீற்றர். சவர்க்காரத்தில் ஒரு கிலோ எண்ணெய்க்கு 30 கிராம் வாசனை எண்ணெய் போடுவது வழக்கம். அதாவது ஒரு நாள் அடுப்படியில் நின்றால் ஒரு கிலோ சவர்க்காரத்துக்குக்கூட வாசனை போதாமல் போகலாம். உங்களை மனம் தளர வைக்கச் சொல்லவில்லை. இந்தக் கணக்குத் தெரியாமல் பெரிய பொயிலரில் காசைக் கொட்டின இரண்டு பேரை எனக்குத் தெரியும். இரண்டு பொயிலரும் இப்போது மழைத்தண்ணி பிடிக்கின்றன.

பெரிய பானை வாங்கினால் கூட எண்ணெய் வரும்தானே என்பீர்கள். வரும். ஆனால் பானையோடு அடுப்பும் குளிர்ப்பும் சேர்ந்து பெருக்க வேண்டும். ஒரு லீற்றர் தண்ணியை ஆவியாக்க 2,257 கிலோயூல் சக்தி வேண்டும். அதே சக்தியை மற்றப் பக்கத்தில் குளிர் தண்ணி வாங்கிக்கொண்டு போக வேண்டும். நம்முடைய 36 லீற்றர் பானையில் தண்ணியையும் புல்லையும் கொதிநிலைக்குக் கொண்டுவந்து, 5 லீற்றர் வடித்து எடுக்க, பாத்திரத்துக்குள் 2 கிலோவாற்றுச் சூடு போனால் இரண்டேகால் மணித்தியாலம் பிடிக்கும். வீட்டுக் காஸ் அடுப்பில் பாதிக்கு மேல் சூடு பக்கவாட்டால் வீணாகும். அதையும் சேர்த்தால் ஒரு வடிப்புக்கு 800 கிராம் காஸ் அளவில் முடியும், 12.5 கிலோ சிலிண்டரில் பதினைந்து வடிப்பு. இதைவிடப் பெரிய பானைக்கு வீட்டு அடுப்பு இழுக்காது. விறகுக்குப் போக வேண்டி வரும். நான் போய்விட்டேன். ஊமலும் பனைமட்டையும் சும்மா கிடக்கிற ஊரில் காஸுக்கு ஏன் கொடுக்க? ஊமல் ஒருக்காப் பிடித்தால் நின்று எரியும், மட்டை படபடவென்று எரிந்து முடியும். கொதிக்க வைக்க மட்டை, பிறகு ஊமல் என்பது என் வழக்கம்.

இப்போது உலோகம். கடைக்காரர் "இது நல்ல எவர்சில்வர், காந்தம் பிடிக்காது" என்று காந்தம் வைத்துக் காட்டுவார். நானும் அப்படித்தான் ஏமாந்தேன். யார் கடை என்று எழுதப் போவதில்லை, அவருக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம். நல்ல பாத்திரம் என்பது 304 வகை. அதில் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். நிக்கல் விலை கூடியது. அதனால் நிக்கலைக் குறைத்து மங்கனீசைக் கூட்டி 201 போன்ற 200 வரிசை உருக்கைச் செய்கிறார்கள். மலிவான வீட்டுப் பாத்திரங்களில் கனக்க இந்த வகைதான். இதிலும் காந்தம் ஒட்டாது! காந்தம் காட்டிக்கொடுப்பது 430 வகையைத்தான், அது நிக்கலே இல்லாத வகை, பளிச்சென்று ஒட்டும். இன்னொரு பக்கம், உண்மையான 304 பானையிலும் விளிம்பு மடித்த இடத்தில், அடித்து வளைத்த காரணத்தால், காந்தம் மெல்லமாக இழுக்கும். அதைப் பார்த்துவிட்டு நல்ல பானையை வேண்டாமென்று வைத்தவர்களும் உண்டு. ஆக, நடு உடம்பில் காந்தம் உறுதியாக ஒட்டினால் விட்டுவிட்டு வாருங்கள். ஒட்டாவிட்டால் 304 என்று நம்பியும் விடாதீர்கள். மங்கனீசு கூடினதைக் காட்டுகிற ஒரு சோதனைத் திரவம் இருக்கிறது, பழைய உலோகம் வாங்கி விற்கிற சிலரிடம் சின்னப் போத்தலில் வைத்திருப்பார்கள். ஒரு சொட்டு விட்டுப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். அடியில் 304 அல்லது 18/8 என்று அச்சுக் குத்தியிருந்தால் கொஞ்சம் ஆறுதல்.

வகை ஏன் முக்கியம் என்றால், எங்கள் தண்ணி. யாழ்ப்பாணத்துக் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் வெட்டினவை. காங்கேசன்துறையில் சீமெந்துக்கு அகழ்ந்த அதே கல். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது அதுதான். வெள்ளைப் படிவால் சூடு மெதுவாக ஏறும், மற்றப்படி ஆபத்தில்லை, தேசிக்காய்ப் புளி விட்டுக் கொதிக்க வைத்தால் கரைந்துவிடும். உவர்த் தண்ணிதான் வில்லங்கம். கடலோரக் கிணற்றில் கரைந்துள்ள குளோரைட்டு உருக்கின் மேற்படலத்தைப் புள்ளி புள்ளியாகத் துளைக்கும். என்னுடைய முதல் பானை ஒரு வருடத்தில் தண்ணி நிற்கிற மட்டத்தில் கபில நிறப் புள்ளிகளாகத் தெரிய ஆரம்பித்தது. விரலால் தடவினால் சொரசொரப்பு. ஒரு நாள் வெளிப் பக்கத்தில் ஈரம் கசிந்தது. 304ஆக இருந்திருந்தால் கனகாலம் நின்றிருக்கும். மொலிப்டினம் சேர்த்த 316 இன்னும் தாங்கும், ஆனால் உங்கள் வேலைக்கு அந்த விலை தேவையில்லை. பானைக்குள் விடுவது பத்தே லீற்றர். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு பீப்பாய் பிடித்து மூடி வைத்தால் அடுத்த மழை வரைக்கும் வடிக்கலாம். கிணற்றுக்குப் போடுகிற குளோரின் தூளைக் கரைத்துப் பானை கழுவ மட்டும் வேண்டாம். இரும்புக் கம்பிச் சுருளாலும் தேய்க்க வேண்டாம், அதன் துகள் ஒட்டிக்கொண்டு துருப்பிடித்து, பானைதான் துருப்பிடித்தது என்று நினைக்க வைக்கும்.

தடிப்பைத் தராசில் பார்க்கலாம். கடையில் நின்று மில்லிமீற்றர் அளக்க முடியாது, பானை விளிம்பு மடித்திருக்கும். மேலே சொன்ன 36க்கு 36 பானை ஒரு மில்லிமீற்றர் தகட்டில் செய்ததென்றால் மூடி இல்லாமல் 4 கிலோ நிற்கும். இரண்டரைக் கிலோ என்று காட்டினால் தகடு 0.6 மில்லிமீற்றர்தான். அது சோறு வைக்கப் போதும், வடிப்புக்கு அடியில் நெருப்புப் பட்ட இடம் பொத்துக்கொண்டு வளையும், மூடி விளிம்பு பொருந்தாமல் போகும். நாலு கிலோவுக்குக் கீழே வாங்காதீர்கள். அடியில் அலுமினியம் நடுவே வைத்து இரட்டைத் தட்டாகச் செய்த பானை கிடைத்தால் அதன் நிறை இந்தக் கணக்கில் வராது, ஆனால் சூடு சமமாகப் பரவும். அதை எடுக்கலாம்.

எங்கே தேடுவது? புதுப் பாத்திரக் கடை கடைசி இடம். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்குப் பாய்ந்த பிறகு இறக்குமதிப் பாத்திரத்தின் விலை பழையபடி இறங்கவேயில்லை. முதலில் மூடப்படுகிற, அல்லது கைமாறுகிற சாப்பாட்டுக் கடைகளைப் பாருங்கள். சூப் பானை, சோறு வைக்கிற உயரமான பானை எல்லாம் தடிப்பான தகட்டில், கனதியான காதுகளோடு இருக்கும். கரி பிடித்திருந்தால் விலை பாதி, கரி ஒரு நாள் வேலை. கலியாண மண்டபங்களிலும் சமையல் பாத்திரம் வாடகைக்கு விடுகிறவர்களிடமும் சொல்லி வையுங்கள். ஆனால் அங்கே இருக்கிற கிடாரங்கள் கனக்க அலுமினியம் அல்லது பித்தளை. அலுமினியம் வேண்டாம். புளிப்பான இலைச்சாறும் சூடும் சேர்ந்து அதை அரிக்கும். பித்தளையில் உள்ளே பூசின ஈயப்பூச்சு எது கலந்தது என்று யாருக்கும் தெரியாது.

தேத்தண்ணிக் கடைகளில் குழாய் வைத்த பெரிய மின் கேத்தல்கள், 20, 30 லீற்றரில், பழையது விற்பார்கள். உள்ளே பாருங்கள், எவர்சில்வர் என்றால் ஆசை வரும். சூடாக்கி உள்ளேயே இருக்கிறது, அடுப்புத் தேவையில்லை. எடுக்கலாம், ஆனால் சூடாக்கி எப்போதும் தண்ணிக்குள் மூழ்கியிருக்க வேண்டும், புல்லு ஒரு தும்புகூட அதில் படக்கூடாது, பட்டால் கருகின மணம் முழு எண்ணெயிலும் ஏறும். 3 கிலோவாற்று என்றால் 230 வோற்றில் 13 அம்பியர் இழுக்கும். நீட்டிப்பு வயரில் செருக வேண்டாம். பூமி இணைப்பும் ட்ரிப் சுவிச்சும் இல்லாத வீட்டில் தொடவே வேண்டாம். பியர் அடைத்து வருகிற 50 லீற்றர் எவர்சில்வர் பீப்பாய்களை இணையத்தில் பார்த்திருப்பீர்கள். அவை மதுபானக் கம்பனிகளின் சொத்து. யாராவது மலிவாகத் தந்தால் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியும் சேர்ந்து வரும். அதோடு வாய் சின்னது, புல்லை எப்படி அடைக்கிறது, எப்படித் தோண்டி எடுக்கிறது? கெமிக்கல் வந்த பரலை எவ்வளவு கழுவினாலும் நான் வாங்க மாட்டேன். கல்வனைஸ் வாளியும் வேண்டாம், நாகப்பூச்சு புளிப்பில் கரையும். பழைய இரும்புக் கடைகளில் பொறுமையிருந்தால் நல்லது கிடைக்கும். நான் இப்போது பாவிக்கிற பானை அப்படிக் கிடைத்ததுதான், ஒரு காது இல்லை என்பதால் நிறைக்கு விற்றார்கள். காது இல்லாததால் வடிப்புக்கு என்ன குறை?

பானையை எடுக்கும்போது பானையைவிட மூடியைக் கவனமாகப் பாருங்கள். பானை நல்லதாக இருந்து மூடி ஆடினால் உங்கள் எண்ணெய் குசினிக் கூரைக்குத்தான் போகும். மூடியைக் கவிழ்த்து வைத்து விளிம்பு ஒரே மட்டமாக நிற்கிறதா பாருங்கள். பானை வாயில் வைத்துச் சுற்றிப் பாருங்கள், எங்காவது தூக்கினால் வேறு பானை. சின்ன இடைவெளிக்குக் கோதுமை மாவைக் கெட்டியாகக் குழைத்துச் சுற்றி அப்பினால் போதும். சூடு ஏற அது அவிந்து இறுகும், வேலை முடிந்ததும் கத்தியால் நெம்பினால் வளையமாகக் கழன்று வரும். பார்க்கப் பட்டிக்காட்டு வேலை மாதிரி இருக்கும், ஆனால் இதைவிட நல்லது எனக்குக் கிடைக்கவில்லை. சிலிக்கன் பசை பூசின மூடியின் மணம் மூன்று வடிப்புக்குப் போகாது. மாவுக்கு இன்னொரு குணம் உண்டு, அதைக் கீழே சொல்கிறேன்.

மூடியில் ஓட்டை. இதில்தான் பெரும்பாலானவர்கள் பானையைக் கெடுக்கிறார்கள். சாதாரண வெல்டிங்கில் ஒரு மில்லிமீற்றர் எவர்சில்வரை ஒட்டப் போனால் ஒட்டுக்குப் பதிலாக ஓட்டைதான் வரும். ஆர்கன் வெல்டிங் செய்யத் தெரிந்தவரிடம் போனால் வடிவாகச் செய்து தருவார், காசும் எடுப்பார். ஒட்டே இல்லாமல் செய்யலாம். தண்ணித் தாங்கிக்குக் குழாய் மாட்டுகிற கனெக்டர், பிளாஸ்ரிக் இல்லாமல் எவர்சில்வரில், முக்கால் அங்குலம் ஒன்று வாங்குங்கள். அதோடு வருகிற கறுப்பு றப்பர் வாசரை எறிந்துவிட்டு, வெள்ளை ரெஃப்லோன் தகட்டில் வாசர் வெட்டிப் போடுங்கள். றப்பரையும் பீ.வி.சி.யையும் புல்லெண்ணெய் தின்னும். ஆவியோ எண்ணெயோ போகிற வழியில் ரெஃப்லோன் தவிர வேறு பிளாஸ்ரிக் எதுவும் இருக்கக்கூடாது.

துளைக்கிற விதம். எவர்சில்வரில் துளைப்பான் வேகமாகச் சுற்றி வழுக்கினால் அந்த இடம் வெட்டுப்படாமல் இறுகிப்போகும். பிறகு எந்த அலகும் இறங்காது. நான் முதல் மூடியில் பத்து நிமிடம் துளைத்துக் கண்டது ஒரு நீல வட்டமும் மொட்டையான அலகும்தான். செய்ய வேண்டியது இது. மூடிக்குக் கீழே பலகை ஒன்றை இறுக்கி வையுங்கள். மையத்தில் ஆணியால் ஒரு குத்து. ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய். துளைப்பானை ஆக மெதுவான வேகத்தில் வைத்து, உடம்புப் பாரத்தை அலகில் கொடுங்கள். சரியாக வெட்டுகிறது என்றால் உலோகம் தூளாகக் கொட்டாமல் சுருள் சுருளாக வரும். முதலில் சின்னத் துளை, பிறகு படிப்படியாகப் பெருக்குகிற கூம்பு அலகு. கடையில் ஸ்ரெப் ட்ரில் என்று கேளுங்கள். ஒவ்வொரு படிக்கும் ஒரு சொட்டு எண்ணெய். கையுறை போட வேண்டாம், சுற்றுகிற அலகு துணியைப் பிடித்தால் விரலையும் கொண்டுபோகும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

குழாய்க்குக் குளிரூட்டி திருத்துகிறவர்களிடம் செம்புக் குழாய் அரை அங்குலம், 16 அடி போதும். கால் அங்குலம் மலிவு என்று எடுக்காதீர்கள், காரணம் அடுத்த பந்தியில். காய்ந்த நுண்மணலை உள்ளே இறுக்கி நிரப்பி, இரண்டு முனையையும் அடைத்து, ஒரு பெயின்ற் வாளியைச் சுற்றி மெதுவாக வளைத்தால் மடியாமல் சுருளும். பிறகு மணலைத் தட்டிக் கொட்டித் தண்ணி பாய்ச்சிக் கழுவுங்கள். ஒட்டு வேண்டிய இடத்தில் ஈயம் கலந்த பற்றாசு வேண்டவே வேண்டாம், பொருத்து மூட்டுகள் கடையில் கிடைக்கும். சுருளை 200 லீற்றர் நீலப் பிளாஸ்ரிக் பீப்பாய்க்குள் இறக்கி, அடியில் ஓட்டை போட்டு முனையை வெளியே எடுங்கள். 30 பாகையில் இருக்கிற 200 லீற்றர் கிணற்றுத் தண்ணி 60 பாகைக்கு ஏற, அதற்குள் 10 லீற்றர் வடிந்துவிடும். உங்களுக்கு 5 லீற்றர்தான் தேவை. ஆகவே பம்பி ஓட வேண்டாம், ஒருக்கா நிரப்பினால் சரி. ஆறின பிறகு வாழைக்கு விடலாம்.

இனி ஆபத்து. ஒரு லீற்றர் தண்ணி ஆவியானால் ஏறத்தாழ 1,700 லீற்றர் இடம் கேட்கும். அது போக வழி ஒன்றே ஒன்று, அந்தக் குழாய். புல்லுத் துண்டு ஒன்று போய் அடைத்தாலோ (கால் அங்குலக் குழாய் என்றால் லேசில் அடைபடும்), குழாயின் முனையை வாளித் தண்ணிக்குள் ஆழமாக அமிழ்த்தி வைத்தாலோ உள்ளே அமுக்கம் ஏறும். பெரிய அமுக்கம் தேவையில்லை. ஒரு மீற்றர் தண்ணி உயரத்துக்குச் சமமான அமுக்கம், அவ்வளவுதான். 36 சென்ரிமீற்றர் மூடியில் அது 100 கிலோவுக்கு மேலான உதைப்பாகும். மூடியைப் போல்ற் போட்டு முறுக்கி வைத்திருந்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால்தான் மா. இரண்டு கிளிப்பும் மாப் பூச்சும் இருந்தால், அமுக்கம் ஏறும்போது மா ஒரு இடத்தில் வெடித்து "ஸ்ஸ்" என்று சத்தம் போடும். உடனே நெருப்பை இழுத்துவிட்டு, ஆறின பிறகு குழாயைப் பாருங்கள். கிளிப்பை இரண்டுக்கு மேல் போடாதீர்கள், மூடிக்கு மேலே கல்லும் வேண்டாம். புல்லுக்கு மேலே சின்ன ஓட்டைத் தட்டு இன்னொன்றை வைத்தால் துண்டுகள் மேலே பறக்காது. வடிந்து வருகிற முனையை அடுப்பிலிருந்து எட்ட வையுங்கள், எண்ணெய் ஆவி நெருப்புப் பிடிக்கும். பிள்ளைகள் விளையாடுகிற முற்றத்தில் வேண்டாம். தண்ணி வற்றிப் பானை கருகினாலும் அன்றைய எண்ணெய் போச்சு, ஆகவே 5 லீற்றர் வந்ததும் நிறுத்துங்கள்.

இவ்வளவும் செய்யமுதல் ஒரு யோசனை. வீட்டில் 5 லீற்றர் எவர்சில்வர் பிரஷர் குக்கர் இருந்தால், மேலே போடுகிற குண்டைக் கழற்றிவிட்டு அந்த முனையில், இந்தச் சோதனைக்கு மட்டும், சிலிக்கன் ரியூப்பைச் செருகி, ரியூப்பின் மற்ற முனையைச் செம்புச் சுருளில் மாட்டி அரைக் கிலோ புல்லை வடித்துப் பாருங்கள். பாதுகாப்பு வால்வைத் தொட வேண்டாம், அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும். 1 முதல் 2.5 மில்லிலீற்றர் வரும். சின்ன ரியூப், சின்ன வேலை, ஆனால் உங்கள் வேலிப் புல்லில் உண்மையில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று தெரிந்துவிடும். வெட்டி ஒரு நாள் நிழலில் வாட விட்டு வடித்தால் நிறையும் இடமும் குறையும், ஒரே பானைக்குள் கூடப் புல் அடங்கும். மழைக்காலத்துப் புல்லையும் பங்குனி வெயிலில் நின்ற புல்லையும் வடித்துப் பாருங்கள், வித்தியாசம் மூக்குக்கே விளங்கும்.

புதுப் பானையில் செய்தவர்களின் மினுக்கல் எண்ணெய் ஒட்டியிருக்கும். சலவைச் சோடா போட்டு ஒருக்கா, வினாகிரி விட்டு ஒருக்காக் கொதிக்க வைத்து ஊற்றுங்கள். பிறகு புல் வைக்காமல் வெறும் தண்ணியை ஒரு முறை முழுதாக வடியுங்கள். செம்புச் சுருளின் உள் அழுக்கு அதோடு போகும், எங்கே ஒழுகுகிறது என்பதும் தெரியும். முதல் எண்ணெயில் பச்சை நிறம் ஏறினால் அது செம்பிலிருந்து வந்தது. சுருளைத் தேசிக்காய்ச் சாறு விட்டு அலசி, அடுத்த வடிப்பைப் பார்க்கலாம்.

எலுமிச்சைப் புல்லெண்ணெய் தண்ணியைவிடப் பாரம் குறைந்தது, மேலே வெளிறின மஞ்சளாக மிதக்கும். ஒடுங்கின கழுத்துள்ள கண்ணாடிப் போத்தலில் வடித்தால் கழுத்தில் வந்து நிற்கும், மருந்து ஏற்றுகிற சிரிஞ்சியால், ஊசி இல்லாமல், உறிஞ்சி எடுக்கலாம். பிறகு கறுவா இலை, கராம்பு என்று ஆசை வந்தால் கவனம், அவற்றின் எண்ணெய் அடியில் தாழும். மேலே தேடிவிட்டு ஒன்றும் வரவில்லை என்று ஊற்றிவிடாதீர்கள். எடுத்த எண்ணெயைக் கபில நிறப் போத்தலில் விளிம்பு வரைக்கும் நிரப்பி வையுங்கள், காற்றும் வெளிச்சமும் பட்டால் மணம் மாறும். நேரே தோலில் பூச வேண்டாம், எரியும்.

எண்ணெயோடு வடிந்து வந்த 5 லீற்றர் வாசனைத் தண்ணியைக் கீழே ஊற்றிவிடாதீர்கள். சவர்க்காரத்துக்குக் காரம் கரைக்க உங்கள் மனைவிக்கு எப்படியும் தண்ணி தேவை, கிணற்றுத் தண்ணியில் உள்ள சுண்ணாம்பு இதில் இல்லை. எண்ணெய் 15 மில்லிலீற்றர் வந்த நாளிலும் இந்தத் தண்ணியால் எங்கள் வீட்டில் வேலை நடந்திருக்கிறது.

பானை ஒன்று அகப்பட்டால், வாங்கமுதல் அதன் நிறையையும் வாய் அகலத்தையும் உயரத்தையும் எழுதி அனுப்புங்கள். தட்டு எந்த உயரத்தில் வர வேண்டும், எத்தனை கிலோ புல் போகும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.